சட்டமன்றத்தில் ஒதுக்கிய பணம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஏன் வந்து சேரவில்லை?

கேள்வியாளரின் ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறைகள் கட்டித் தரப்படும் என்று அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. தலைமையாசிரியரைக் கேட்டாலும் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டாலும் “நிதி இன்னும் வரவில்லை” என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஆனால் தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு மட்டும் 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்தப் பணம் எங்கே போகிறது, நடுவில் யாராவது எடுத்துக்கொள்கிறார்களா, பணம் போதவில்லை என்றால் அரசு வரியைக் கூட்டி வசூலித்துக் கட்ட வேண்டியதுதானே என்பது அவருடைய கேள்வி. உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒதுக்கீடு எப்படிச் செலவாக மாறுகிறது என்பது ஒன்று. ஒரு மாநில அரசின் கையில் விருப்பப்படி செலவிட எவ்வளவு பணம் இருக்கிறது என்பது மற்றொன்று. மாநில அரசின் கருவூலக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டுக்கும் என்னால் இயன்ற அளவு விளக்கமாகப் பதில் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட பள்ளியின் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அதை எங்கே தேடுவது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ஐயமின்றிச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். நிதிநிலை அறிக்கையில் ஒரு துறைக்கு எதிரே அச்சிடப்பட்டிருக்கும் தொகை, அந்த ஆண்டில் அத்துறை அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம் என்று சட்டமன்றம் தரும் அனுமதி. அந்தத் தொகை ஏப்ரல் முதல் தேதியன்று எந்தக் கணக்கிலும் வந்து உட்கார்ந்திருப்பதில்லை. அரசியலமைப்பின் 202-ஆவது பிரிவின்படி ஆண்டு வரவு செலவு மதிப்பீடு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. 203-ஆவது பிரிவின்படி துறைவாரியான மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குக் கேட்கும் தொகைகள், வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. 204-ஆவது பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே அரசின் வரவெல்லாம் சேரும் மாநிலத் தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாயையேனும் எடுக்க முடியும். இத்தனையும் முடிந்த பின்னர் கிடைப்பது செலவு செய்வதற்கான உரிமை மட்டுமே. வரிப்பணம் ஆண்டு முழுவதும் நாளுக்கு நாள் வந்துகொண்டிருக்கும். செலவும் நாளுக்கு நாள் போய்க்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே விழும் துண்டை ரிசர்வ் வங்கி தரும் குறுகிய கால முன்பணமும், ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில் மாநில அரசு விற்கும் கடன் பத்திரங்களும் ஈடுகட்டுகின்றன.

பள்ளிக் கல்விக்கான 46,767 கோடியில் மிகப் பெரும் பகுதி ஆசிரியர்களின் சம்பளம். அது மாதந்தோறும் போயே தீர வேண்டிய பணம். வகுப்பறை கட்டும் பணம் அந்தக் கூட்டுத்தொகைக்குள்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் கட்டடப் பணிகள் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறையின் வழியாகவே நடக்கின்றன. அதற்கான ஒதுக்கீடு அத்துறையின் மானியக் கோரிக்கையில் இருக்கும். கேள்வியாளர் செய்தித்தாளில் பார்த்த எண்ணுக்கும் அவருடைய ஊர்க் கட்டடத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022-23 நிதிநிலை அறிக்கையில் 18,000 புதிய வகுப்பறைகள், ஐந்து ஆண்டுகளில் சுமார் 7,000 கோடி ரூபாய் என்று அது அறிவிக்கப்பட்டது. அந்தப் பெரிய தொகைதான் தலைப்புச் செய்தியானது. ஆனால் அந்த முதல் ஆண்டுக்கென ஒதுக்கப்பட்டது 1,300 கோடி. திட்டத்தின் பட்டியலில் ஒரு பள்ளியின் பெயர் இருந்தாலும், அது எந்த ஆண்டுக்குரிய தவணையில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் கட்டடம் எழும்பும். ஐந்தாண்டுத் தொகையை ஓராண்டுத் தொகையாக நினைத்துக்கொண்டு மக்கள் ஏமாற்றமடைவதற்கு அறிவிப்பு செய்யப்படும் விதமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இன்னொரு வகை அறிவிப்பும் உண்டு. நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்ட பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். ஒவ்வொரு அமைச்சரும் தம் பதிலுரையின் முடிவில் புதிய அறிவிப்புகளை வெளியிடுவார். சட்டமன்ற விதி 110-இன் கீழும் அறிக்கை வாசிக்கப்படுவதுண்டு. அதன்மேல் விவாதம் கிடையாது. இந்த அறிவிப்புகள் வெளியாகும்போது மதிப்பீட்டுப் புத்தகங்கள் ஏற்கெனவே அச்சாகி அவையில் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே அறிவிப்புக்குரிய தொகை அந்தப் புத்தகத்தில் இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. அது புதிய பணியாக இருந்தால் ஆண்டின் நடுவே கூடுதல் தொகை கேட்கும் துணை மதிப்பீட்டில் சேர்த்துச் சட்டமன்றத்தின் ஒப்புதலை மீண்டும் பெற வேண்டும். ஏற்கெனவே நடக்கும் பணியின் விரிவாக இருந்தால் அதே மானியக் கோரிக்கைக்குள் மிச்சமாகும் தொகையை மறுஒதுக்கீடு செய்துகொள்ளலாம். எந்த அறிவிப்பு வந்தாலும் அதற்கு எதிரே கணக்குத் தலைப்பு (செலவு பதியப்படும் எண்ணிட்ட இனம்) ஒன்றைக் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் பொதுமக்களுக்கு எவ்வளவோ தெளிவு கிடைக்கும். பணியில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு இந்த எண்ணம் உண்டு.

ஒதுக்கீடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அதன் பிறகு நடப்பது நீளமானது. துறைத் தலைமையிலிருந்து கருத்துரு போக வேண்டும். நிதித் துறை அதை ஏற்க வேண்டும். நிர்வாக ஒப்புதல் அளித்து அரசாணை வெளியாக வேண்டும். பொறியாளர் விரிவான மதிப்பீடு தயாரித்துத் தொழில்நுட்ப ஒப்புதல் பெற வேண்டும். பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒப்பந்தக்காரரைத் தேர்வு செய்து, பணி ஆணை வழங்க வேண்டும். அடித்தளம், கூரை மட்டம், நிறைவு என்று பணி முடிய முடிய அளவுப் புத்தகத்தில் பதிந்து, பணம் கோரும் பட்டியல் (பில்) தயாரித்து, நிதி எந்த வழியாக வருகிறதோ அந்தக் கணக்கிலிருந்து பணம் பெற வேண்டும். கருவூலத்தில் இப்போது இவை களஞ்சியம் எனப்படும் ஒருங்கிணைந்த மென்பொருள் வழியாக நடக்கின்றன. அந்தக் கணக்குத் தலைப்பில் அந்த அலுவலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட ஒதுக்கீடு இல்லையென்றால் மென்பொருள் பட்டியலை ஏற்காது. “நிதி வரவில்லை” என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் குறிப்பிடுவது இதைத்தான்: மாநில அளவில் ஒதுக்கீடு இருக்கலாம், ஆனால் அது மாவட்டத்துக்கோ ஒன்றியத்துக்கோ பிரித்து விடுவிக்கப்படவில்லை. மார்ச் 31-க்குள் செலவழிக்கப்படாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டு அதற்கு மீண்டும் ஒதுக்கீடு பெற வேண்டும். இதனால்தான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கருவூலங்களில் பட்டியல்கள் குவிகின்றன. ஒருபுறம் பெருந்தொகை செலவாகாமல் ஒப்படைக்கப்படுவதையும், மறுபுறம் தேவையின்றித் துணை மானியம் பெறப்படுவதையும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் தம் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வருகிறார்.

இனி இரண்டாவது கேள்வி. 2025-26 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். இதில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றிய அரசின் வரிகளில் பங்காக வருவது 58,022 கோடி. ஒன்றிய அரசின் உதவி மானியங்கள் 23,834 கோடி. எஞ்சியது வட்டி, கட்டணம், கனிம உரிமத்தொகை போன்ற வரியல்லாத வருவாய். செலவுப் பக்கத்தில் சம்பளத்துக்குச் சுமார் 90,000 கோடி, ஓய்வூதியப் பலன்களுக்குச் சுமார் 41,000 கோடி, வட்டிக்கு 70,000 கோடிக்கு மேல். இந்த மூன்றுமே சேர்ந்து இரண்டு லட்சம் கோடியைத் தாண்டிவிடுகின்றன. யார் ஆட்சியில் இருந்தாலும், எந்த அரசியல் விருப்பம் இருந்தாலும், இவற்றில் கைவைக்க முடியாது. வட்டிக்குச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புகூடக் கிடையாது. அது தொகுநிதியின் மீது நேரடியாகச் சாற்றப்பட்ட செலவு. இதற்கு அடுத்து மானியங்களும் உதவித்தொகைகளும் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் போகின்றன. பொது விநியோகத் திட்டத்தின் உணவு மானியம், மின் மானியம், பேருந்துக் கட்டண மானியம், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்கள், உள்ளாட்சி அமைப்புகளுக்கான பகிர்வு எல்லாம் அதில் அடக்கம். கூட்டிப் பார்த்தால் இத்துடனேயே செலவு வரவை மீறிவிட்டது. அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி என்று மதிப்பிடப்பட்டது இப்படித்தான்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் கணக்கைச் சற்றே அருகில் வைத்துப் பார்க்கலாம். மாதம் 1,000 ரூபாய் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000. பயனாளிகள் சுமார் 1.15 கோடி என்றால் ஆண்டுக்கு 13,800 கோடி ஆகிறது. 2025-26-இல் இதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 13,807 கோடி. நேரடிப் பண உதவித் திட்டத்தின் செலவு இப்படிப் பெருக்கல் வாய்ப்பாடு போல நிச்சயமானது. அதைத் தள்ளிப்போட முடியாது, ஒரு மாதம் தவறினாலும் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கட்டடப் பணி அப்படியன்று. ஒரு வகுப்பறையை ஆறு மாதம் தள்ளிவைத்தால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மட்டுமே அது தெரியும். கைக்கு வரும் பணம் குறையும்போது எந்தச் செலவு முதலில் ஒத்திவைக்கப்படும் என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதிய விளக்கம். நான் இதைச் சொல்வதால் உரிமைத் தொகை வீண் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். வருமானமே இல்லாத பெண்ணின் கையில் மாதந்தவறாமல் பணம் சேர்வதன் மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொடர்செலவு ஒவ்வொன்றும் தொடங்கிய நாளிலிருந்து சம்பளத்தைப் போலவே நிலையான கடப்பாடாகிவிடுகிறது என்பதையும், மரத்தடியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கும் அந்தப் பணத்தின் மேல் உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் வகுப்பறைகளும் பாலங்களும் எந்தப் பணத்தில் கட்டப்படுகின்றன? பெரும்பாலும் கடனில். 2025-26-க்கு மதிப்பிடப்பட்ட நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டில் கடனால் ஈடுகட்ட வேண்டிய தொகை, 1,06,963 கோடி. மாநில உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம். அதில் 57,231 கோடி கட்டடம், பாலம் போன்ற சொத்துகளை உருவாக்கும் மூலதனச் செலவுக்குப் போகிறது. மேலே சொன்ன 41,635 கோடி அன்றாடச் செலவின் துண்டை அடைக்கப் போகிறது. மீதி பொதுத்துறை நிறுவனங்களுக்கும் மற்றவர்களுக்கும் தரும் கடன். எதிர்காலத்துக்குச் சொத்தாக நிற்கும் ஒன்றுக்காகக் கடன் வாங்குவதில் தவறில்லை. வாங்கும் கடனில் ஐந்தில் இரண்டு பங்கு சம்பளத்துக்கும் வட்டிக்கும் மானியத்துக்கும் கரைவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றே வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பது. தேவைப்பட்ட அளவு கடன் வாங்கிக்கொள்ளவும் மாநிலத்தால் முடியாது. ஒன்றிய அரசுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் நிலுவையில் இருக்கும்வரை, புதிய கடன் வாங்க அதன் ஒப்புதலை அரசியலமைப்பின் 293(3) பிரிவு கட்டாயமாக்குகிறது. இதைக் கொண்டு ஒன்றிய அரசு விதிக்கும் கடன் வரம்பை எதிர்த்து 2023-இல் கேரளம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரலில் அவ்வழக்கு அரசியலமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

வரியைக் கூட்டினால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 2017 ஜூலை 1-க்கு முன்பு மாநில அரசு தன் விற்பனை வரி விகிதத்தைத் தானே முடிவு செய்துகொள்ள முடிந்தது. சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை ஜிஎஸ்டி மன்றமே பரிந்துரைக்கிறது. அங்கே ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எந்த முடிவுக்கும் முக்கால் பங்கு ஆதரவு தேவை. எனவே ஒன்றிய அரசு ஒப்பாத எதுவும் நிறைவேறாது. தனியொரு மாநிலம் நினைத்து எதுவும் ஆகாது. மேலும் இந்த வரி பொருள் நுகரப்படும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரி. ஒரகடத்தில் தயாராகும் கார் பீகாரில் விற்றால், மாநிலத்துக்குரிய வரி பீகாருக்குத்தான் போகும். இந்த வரியால் மாநிலங்களுக்கு ஏற்படும் இழப்புக்கு ஈடாக ஆண்டுக்கு 14 சதவீத வருவாய் வளர்ச்சிக்கு உறுதியளித்த ஏற்பாடும் 2022 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது.

மாநிலத்தின் கையில் எஞ்சியிருக்கும் வரிகள் சிலவே: பெட்ரோல், டீசல் மீதான வரி, மது மீதான ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும், பத்திரப் பதிவு, மோட்டார் வாகன வரி, மின்சார வரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டபோது ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு ஏற்படும் என்று அரசு அப்போதே கணக்குச் சொன்னது. மூன்று ரூபாய்க்கு இவ்வளவு என்றால், எதிர்த்திசையில் கூட்டினாலும் ஏறத்தாழ அதே அளவுதான் கிடைக்கும். அந்தச் சுமையோ இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறவர் தலையில் விழும். மது வருவாய் 2023-24-இல் 45,000 கோடியைத் தாண்டியது. அதைப் பெருக்கித்தான் பள்ளி கட்ட வேண்டும் என்று வாதிட என் மனம் ஒப்பவில்லை. பத்திரப் பதிவில் 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு மாற்றப்பட்டபோது பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேல் கூட்டினால் உண்மையான விலையைப் பத்திரத்தில் காட்டாத பழக்கம் வளரும்.

ஒன்றிய வரிப் பகிர்வில் நிலைமை இன்னும் இறுக்கமானது. மாநிலங்களுக்குப் பகிரப்படும் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு, அந்தப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களுள் 13-ஆவது குழுவின் காலத்தில் 4.969 சதவீதமாக இருந்தது. 15-ஆவது நிதிக்குழுவின் காலத்தில் 4.079 சதவீதமானது. நபர்வாரி வருமானத்தில் பின்தங்கிய மாநிலங்களுக்கு அதிகம் தர வேண்டும் என்ற அளவுகோலுக்கு 15-ஆவது நிதிக்குழு 45 சதவீத மதிப்பு கொடுத்தது. செஸ், கூடுதல் தீர்வை ஆகியவை பகிர்வுக்கே வருவதில்லை. திட்டம் சார்ந்த மானியங்களோ நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் 2024-25-ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசின் திட்டம்) நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதும், மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியதும் அனைவரும் அறிந்தவை. அந்த முரண்பாட்டில் யார் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் பள்ளிக்கல்விக்கு வர வேண்டிய ஒரு பெருந்தொகை வராதபோது அதை மாநிலம் தன் சொந்த நிதியிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருந்தது, அந்த அளவுக்கு வேறு பணிகளுக்கான இடம் சுருங்கியது என்பதில் ஐயமில்லை.

இதுவரை சொன்னவை சட்டமும் கணக்கும். நடுவில் யாராவது எடுத்துக்கொள்கிறார்களா என்ற கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒப்பந்தங்களில் முறைகேடு நடப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தணிக்கை அறிக்கைகளில் அதற்கான பதிவுகள் ஏராளம். ஆனால் முறைகேடு நடக்க முதலில் பணி தொடங்க வேண்டும், பட்டியல் போக வேண்டும். செங்கல்கூட இறங்காத ஒரு கட்டடத்தைப் பொறுத்தவரை, ஒதுக்கீடு விடுவிக்கப்படாமலோ ஒப்பந்தப்புள்ளிக்கு ஆள் வராமலோ நின்றிருக்கும் என்பதே என் ஊகம். மதிப்பீடு பழைய விலைப்பட்டியலில் போடப்பட்டிருந்தால், கம்பியும் சிமெண்டும் விலையேறிய பிறகு எந்த ஒப்பந்தக்காரரும் முன்வர மாட்டார். நான் பார்த்த வரையில் சிறிய ஊர்களின் கட்டடங்கள் நின்றுபோனதற்கு இந்தச் சாதாரணக் காரணமே அதிகம்.

கேள்வியாளர் இப்போது செய்யக்கூடியது இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு ஒரு மனு எழுதுங்கள். பொதுவாக “ஏன் கட்டவில்லை” என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் தரக் கடமை இல்லை என்று மறுக்கவும் இடமுண்டு. ஆகவே ஆவணங்களைக் கேளுங்கள்: அந்தப் பணிக்கு நிர்வாக ஒப்புதல் அளித்த அரசாணை அல்லது மாவட்ட ஆட்சியர் செயல்முறை ஆணையின் நகல், தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பின் தேதியும் அதன் முடிவும், பணிக்குரிய கணக்குத் தலைப்பும் அதில் இதுவரை விடுவிக்கப்பட்ட தொகையும். முதல் ஆவணமே இல்லையென்றால் அறிவிப்பு அறிவிப்போடு நின்றுவிட்டது என்று பொருள். அப்போது சட்டமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். மூன்றாவதில் நின்றிருந்தால் மதிப்பீட்டைத் திருத்தக் கோரி ஆட்சியரிடம் போக வேண்டும். கணக்குத் தலைப்பு கிடைத்தால் அதன் முதல் இலக்கத்தைப் பாருங்கள்: 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு. நிதித் துறையின் இணையதளத்தில் உள்ள மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் அதே தலைப்பைத் தேடினால் நான்கு எண்கள் வரிசையாகக் கிடைக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடும் திருத்த மதிப்பீடும், வரும் ஆண்டின் மதிப்பீடு. மதிப்பீட்டைவிடத் திருத்த மதிப்பீடு வெகுவாகக் குறைந்திருந்தால் அந்தத் திட்டத்திலிருந்து பணம் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

மனு எழுதும் காலமும் முக்கியம். திருத்த மதிப்பீடுகளும் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளும் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில்தான் நிதித் துறையில் பேசி முடிவாகின்றன. மார்ச்சில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவால் அந்த ஆண்டு பெரும்பாலும் பயன் இராது. எனவே செப்டம்பருக்குள் ஆவணங்களைக் கையில் வாங்கிவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தையும் இணைத்து, காந்தி ஜெயந்தி அன்று கூடும் கிராம சபையில் அந்தக் கணக்குத் தலைப்பைக் குறிப்பிட்டே தீர்மானம் நிறைவேற்றி ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் அனுப்புங்கள். மதிப்பீடு தயாராகும் வேளையில் அது துறையின் கையில் இருக்கும்.